பில்லில் வராத செலவு

மாதம் பிறந்தால் மளிகைப் பட்டியலோடு மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிற வீடுகள் நம் ஊரில் பெருகிவிட்டன. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று.

தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். 2015-16இல் தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21இல் 40 பேர். ஆண்களிலும் 28 பேர் 37 ஆகிவிட்டார்கள். எடை கூடிய எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது. ஏறுகிற சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால், வருடங்கள் போகப் போக கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும்.

சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அந்தக் கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிற உதவி அது. ஆனால் ஆட்டோ காசை யார் கொடுப்பது? துணைக்கு மனைவியோ மகனோ வரவேண்டும். அன்றைக்கு இரண்டு பேருக்கும் கூலி கிடையாது. வாரத்தில் மூன்று நாள் வராத கொத்தனாருக்குப் பதில் மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். அடுத்து நகை அடகுக்குப் போகும், வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். பிளஸ் டூ முடித்த பெண் கல்லூரிக்குப் போகாமல் ஜவுளிக்கடை வேலைக்குப் போவாள். எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் இந்த இழப்புகள் ஏறாது. நோயின் பெரிய செலவே இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மாத்திரை வீடு தேடி வருவதால் ஒரு நாள் கூலி மிஞ்சுகிறது. ஆனால் மாத்திரை மட்டும் போதாது, சாப்பாடும் மாறவேண்டும். ரேஷன் கடையில் அரிசியும் சர்க்கரையும் பாமாயிலும் தருகிற அரசு, பருப்பின் அளவையும் கூட்டித் தரவேண்டும்.

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு வாங்குவதில்லை. தினக்கூலிக்காரருக்கு அங்கே போக ஒரு காலை நேரம்தான் கிடைப்பதில்லை. மேஸ்திரிமார்களே, கடை முதலாளிகளே, வருடத்தில் ஒரு காலைப்பொழுது, கூலி பிடிக்காமல் அவர்களை அனுப்பி வையுங்கள்.