இரும்புக் குதிரையைப் பேணுதல்



மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயில் அது. அடுத்த முறை செல்லும்போது அதன் சிற்பங்களை அருகே நின்று பாருங்கள். முகங்கள் மழுங்கியிருக்கும், விரல்கள் தேய்ந்திருக்கும். சிற்பி உளிகொண்டு செதுக்கிய கல்லை, உப்புக் காற்று உளியின்றியே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகச் செதுக்கி வருகிறது. கல்லுக்கே இந்நிலை என்றால், அக்கோயிலின் அருகே நீங்கள் நிறுத்திச் செல்லும் மோட்டார் சைக்கிளின் இரும்புச் சங்கிலிக்கு என்ன நேரும்? நெடும்பயணத்துக்கான மோட்டார் சைக்கிளைப் பேணுவது எவ்வாறு, அதை நம் தேவைக்கேற்ப மாற்றியமைப்பது எவ்வாறு என்னும் இரண்டு செய்திகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் வாழும் மறைமலைநகர், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையின் மேல் உள்ளது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அச்சாலையில் இளைஞர்கள் பலர் மோட்டார் சைக்கிள்களில் அணியணியாகச் செல்வர். சிலர் செங்கல்பட்டில் திரும்பித் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரையை அடைவர். சிலர் இன்னும் தெற்கே செல்வர். அவர்களுடைய ஊர்திகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்தவை அல்ல. நம் ஊருக்குத் தெற்கே உள்ள சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி, திருப்பெரும்புதூர்ச் சாலையிற் சென்றால் ஒரகடம் வரும். அங்கே 2013-ஆம் ஆண்டிலும், அதனையடுத்து வல்லம் வடகாலில் 2017-ஆம் ஆண்டிலும் ராயல் என்பீல்டு நிறுவனம் தொழிற்சாலைகளைத் திறந்தது. ஆயினும் அந்த வரலாறு அங்கே தொடங்கவில்லை. வடசென்னையில் திருவொற்றியூரில் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில் இருந்த என்பீல்டு சைக்கிள் கம்பெனி, 1901-ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1950-களில் நம் இராணுவம் எல்லைக் காவலுக்கு அந்நிறுவனத்தின் ‘புல்லட்’ வண்டியைத் தேர்ந்தெடுத்தது. தேவை பெருகவே, 1955-ஆம் ஆண்டில் ரெடிச் நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து ‘என்பீல்டு இந்தியா’வை ஏற்படுத்தின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரில் இணைத்துப் பூட்டினர். நாளடைவில் எல்லா உறுப்புகளும் இங்கேயே செய்யப்பட்டன. பின்னர் நிகழ்ந்ததுதான் வியப்பு. ரெடிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அப்பெயர் கொண்ட வண்டிகளின் உற்பத்தியே நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று!

தாய் வீட்டில் மறைந்த வண்டி புகுந்த வீட்டில் வாழ்ந்ததேன்? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை நான் பெரிதாகக் கருதுகிறேன். அது எளிதாகப் பேணக்கூடிய வண்டி. பழைய புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டருக்கு விட்டம் 70 மில்லிமீட்டர்; அதில் பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர். இவற்றைக் கொண்டு கொள்ளளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 346 கன சென்டிமீட்டர் வரும். பிஸ்டன் செல்லும் தொலைவு நீளம். சுழலும் சக்கரம் கனம். ஆகவே இயந்திரம் விரையாமல், நிதானமாக, ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியே காதில் விழும்படி ஓடும். அதன் உறுப்புகளும் சிலவே. பிளக்கைத் துடைக்கவும், பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்யவும், டாப்பெட்டைத் திருத்தவும் சில ஸ்பானர்களும் ஓர் இடைவெளித் தகடும் போதும். மரத்தடிப் பட்டறை மெக்கானிக்கும் அதன் நோயறிந்து மருந்தளித்தார். பேணத் தெரிந்த கைகள் எங்கே உள்ளனவோ, அங்கேதான் எந்திரம் நெடுநாள் வாழும். இதுவே இந்த வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

பேணாத எந்திரத்தின் கதை ஒன்றும் உண்டு. 1952-ஆம் ஆண்டு சனவரியில் ஆர்ஜென்டினா நாட்டின் மருத்துவ மாணவர் ஒருவர், தம் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவுடன் பழைய நார்ட்டன் 500 வண்டி ஒன்றில் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டார். அம்மாணவரே பின்னாளில் சே குவேரா எனப் புகழ்பெற்றவர். வண்டிக்கு அவர்கள் இட்ட பெயருக்கு ‘வலிமை மிக்கவள்’ என்பது பொருள். இருவரையும் மூட்டைகளையும் சுமந்து, கரடுமுரடான வழிகளில் பலமுறை விழுந்து எழுந்த அந்த வலிமை மிக்கவள், சிலி நாட்டில் உயிரை விட்டாள். எஞ்சிய பயணத்தைக் கண்ட ஊர்திகளில் இடம் கேட்டுத் தொடர வேண்டியதாயிற்று. பெயர் சூட்டுவதால் மட்டும் வலிமை வந்துவிடாது அன்றோ?

இனி, பேணும் முறைக்கு வருவோம். கடற்கரைப் பயணத்தில் முதற்பகை துரு. இரும்பு துருப்பிடிக்க உயிர்வளியும் நீரும் வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். அந்நீரில் உப்புக் கரைந்திருந்தால் மின்சாரம் அதனூடே எளிதில் பாயும். துருவும் வேகமாகப் படரும். அலுமினிய உறையில் எஃகுத் திருகாணி பூட்டியுள்ள இடத்தில் இருவேறு உலோகங்களும் உப்புநீரும் கூடி ஒரு சிறு மின்கலமே உண்டாகிவிடுகிறது. அங்கே அலுமினியம் அரிக்கப்படுகிறது. ஆகவே, கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே நல்ல நீரால் வண்டியைக் கழுவுதல் வேண்டும். பீய்ச்சும் குழாயின் வேகத்தைச் சக்கரத்தின் பேரிங்குகள் மேல் காட்டலாகாது. உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி நீர் உட்புகும். கழுவியபின் ஈரம் போகத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இடுதல் வேண்டும். மறுநாள் செய்யலாம் என்று நாம் உறங்கலாம்; துரு உறங்காது.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றை ஓர் ஒழுங்காக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து தொடங்குக. டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுமுன் அளக்க வேண்டும். சூடேறிய டயர் மிகுதியான அளவைக் காட்டி ஏமாற்றும். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சிறு ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். சங்கிலி மிகவும் இறுகியும் இருத்தலாகாது, தளர்ந்தும் தொங்கலாகாது. பல வண்டிகளில் நடுவிடத்தில் 25 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு இருக்கும். உங்கள் வண்டியின் அளவு அதன் கையேட்டில் உண்டு. அடுத்து, பிரேக். எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக்காயின், அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழியிடும். அப்போது பிரேக் பிடிக்காது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் அதை மாற்றுவது நன்று. பின்னர் கிளட்ச் கேபிளின் நுனிகளைப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும், மற்ற இழைகள் வழியில் அறுந்துபோகக் காத்திருக்கின்றன என்று பொருள். இறுதியாக இயந்திர எண்ணெயின் அளவு. இத்தனைக்கும் கால் மணி நேரம் போதும்.

இனி, மாற்றியமைத்தல். இங்கே என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூற வேண்டும். கல்லூரியிற் படித்த காலத்தில் பழைய புல்லட் ஒன்று எனக்கு வாய்த்தது. உயரமான ஹேண்டில் பார் பூட்டினால் கம்பீரமாக இருக்குமென்று கருதி, என் கையாலேயே பூட்டினேன். ஹேண்டில் உயர்ந்தது, ஆக்சிலரேட்டர் கேபிள் மட்டும் பழைய நீளத்திலேயே நின்றது. நேரே செல்லும்போது குறையொன்றும் தெரியவில்லை. ஒரு நாள் திருக்கழுக்குன்றத்துக்கு அருகே குறுகிய தெரு ஒன்றில் வண்டியைத் திருப்பினேன். ஹேண்டில் முழுமையாகத் திரும்பியதும் குட்டையான கேபிள் தானே இழுபட்டது. நான் கையைத் திருகாமலே இயந்திரம் சீறிற்று. வண்டி பாய்ந்து மதகுச் சுவரில் மோதிற்று. எனக்குச் சிராய்ப்பு மட்டுமே. பின்னால் அமர்ந்திருந்த நண்பனுக்குக் கால் எலும்பு முறிந்தது. அவ்வாண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை. மழைக்காலத்தில் அந்தக் கால் இன்றும் வலிப்பதாகச் சொல்வான். ஆனால் ஒரு நாளும் என்னைக் குறைகூறியதில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை.

பிழை வண்டியினுடையது அன்று, என்னுடையது. ஹேண்டிலை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, இயந்திரத்தின் ஒலி மாறுகிறதா என்று நின்ற இடத்திலேயே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் அறிந்திருப்பேன். ஓர் உறுப்பை மாற்றுகிறவன், அதனோடு தொடர்புடைய உறுப்புகள் யாவை என்று முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்த ஒரு விதியை அறிந்துகொள்ள என் நண்பன் கொடுத்த விலை மிகப் பெரிது.

இவ்விதியைப் பிற மாற்றங்களுக்கும் பொருத்திப் பாருங்கள். பயணத்துக்குப் பைகள் பூட்டுகிறீர்கள். பாரம் பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னே, உயரத்தில் அமைந்தால், முன்சக்கரம் தரையைப் பற்றுவது குறையும்; திருப்பத்தில் வண்டி தடுமாறும். ஆகவே கனமான பொருள்கள் தாழ்வாகவும், இருபுறமும் சமமாகவும், நடுவுக்கு நெருக்கமாகவும் இருத்தல் நன்று. கூடுதல் விளக்குகள் பூட்டுகிறீர்கள். 60 வாட் விளக்கு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கும். இரண்டு விளக்குகள் 10 ஆம்பியர். வண்டியின் மின்னாக்கி அவ்வளவு தராவிடில், குறைவைப் பேட்டரி தன் சேமிப்பிலிருந்து ஈடுசெய்யும். சேமிப்புத் தீர்ந்தால் நள்ளிரவில் விளக்குமில்லை, வண்டியுமில்லை. மெல்லிய கம்பியில் அம்மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடேறித் தீப்பற்றவுங்கூடும். கணக்கிடாமல் ஒரு கம்பியையும் இணைக்காதீர்கள். பியூஸ் இல்லாமல் ஒரு விளக்கையும் ஏற்றாதீர்கள்.

சைலன்சரை மாற்றிப் பேரொலி எழுப்புவோரும் உளர். புகைவழி மாறினால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு பிறழக்கூடும். இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறக்கூடும். அது கிடக்கட்டும். அவ்வொலி நோயாளியின் உறக்கத்தையும், கைக்குழந்தையின் உறக்கத்தையும், தேர்வுக்குப் படிக்கும் உங்களைப் போன்ற மாணவரின் அமைதியையும் கலைக்கிறதே! நம் மகிழ்ச்சிக்குப் பிறர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? சட்டமும் இதை ஏற்பதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பாளரின் விவரங்களினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைத்தலைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ஆம் ஆண்டில் இதை உறுதி செய்தது. பைகளைத் தாங்கும் சட்டம், காற்றுத் தடுப்பு, வசதியான இருக்கை ஆகியன பயணிக்குத் துணை செய்வன. சட்டகத்தை அறுப்பதும் ஒலியடக்கியைக் களைவதும் துணையல்ல.

‘இக்காலத்து வண்டிகளில் எல்லாம் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டனவே, நாம் கற்க என்ன உண்டு?’ என்று நீங்கள் வினவலாம். உண்மைதான். பாயிண்ட் இல்லை, கார்புரேட்டர் இருந்த இடத்தில் எரிபொருளைப் பீய்ச்சும் கருவி உள்ளது. 5,000 மீட்டருக்கு மேற்பட்ட இமயமலைக் கணவாய்களில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. அங்கே பழைய வண்டிக்குக் காற்றுப் போதாமல் கரும்புகை கக்கும். புதிய வண்டி தானே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் டயரும் சங்கிலியும் பிரேக்கும் கேபிளும் இன்னும் நம் கண்ணையும் கையையுமே நம்பியிருக்கின்றன. உப்புக் காற்றும் மாறவில்லை.

மறைமலைநகரில் 1990-களில் எழுந்த போர்டு நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை, 2022-ஆம் ஆண்டில் கார் உற்பத்தியை நிறுத்திற்று. தொழிற்சாலைகள் எழும், நிற்கும். அங்கே கைகள் கற்ற தொழிலறிவு, கற்றவரோடு செல்லும். ஆகவே வண்டி வாங்கும் நாளில் கையேட்டையும் படியுங்கள். பட்டறைக்குச் சென்றால் வெளியே நின்று செல்பேசியைப் பார்த்துக்கொண்டிராமல், மெக்கானிக் அண்ணனின் அருகே அமர்ந்து ‘இதை ஏன் கழற்றுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ந்து சொல்லித் தருவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் புறப்படுமுன், ஹேண்டிலை இருபுறமும் முழுமையாக ஒரு முறை திருப்பிப் பாருங்கள். தலைக்கவசம் அணிந்துகொள்ளுங்கள், பின்னால் அமர்பவருக்கும் ஒன்று கொடுங்கள். அவரை நலமாக வீடு சேர்ப்பதே பயணத்தின் நிறைவு.