நட்சத்திரமும் நோட்டுப் புத்தகமும்

(லிங்கராஜபுரம் தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)



டிசம்பர் 25 கிறிஸ்துமஸ். நம் லிங்கராஜபுரத்தில் அதற்குப் பல நாள் முன்பே வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கும். பிள்ளைகள் குடில் கட்டுவார்கள். சில வீடுகளில் மரம் வைப்பார்கள். மரத்தில் மாட்ட மணி, பறவை, சின்ன நட்சத்திரம் எல்லாம் வேண்டும். சிவாஜிநகர் போய் வாங்கி வருகிறோம்.

வாங்குகிற அந்தப் பொருளை நாமே செய்யலாம். செய்து விற்கவும் செய்யலாம். இன்று அதைப் பற்றிப் பேசப் போகிறேன். நம்மில் பலருக்குத் தைக்கத் தெரியும். ஆனால் தைத்த பொருளுக்கு விலை சொல்லத் தயங்குகிறோம். அதனால் இரண்டையும் பேசுவோம். முதலில் கைவேலை. பிறகு கணக்கு.

ஃபெல்ட் துணி என்றால் என்ன?

நாம் செய்யப் போகும் நட்சத்திரத்துக்கு ஃபெல்ட் துணி வேண்டும். இது தறியில் நெய்த துணி அல்ல. இதில் பாவும் இல்லை, ஊடும் இல்லை.

தலைமுடியை வாராமல் விட்டால் என்ன ஆகும்? சிக்குப் பிடிக்கும். ஆட்டு ரோமமும் அப்படித்தான். ரோமத்தின் மேல் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. அதுதான் ஃபெல்ட். கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்தால் அது சுருங்கித் தடித்துப் போகும். பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே காரணத்தால்தான்.

இந்த வேலை நம் நாட்டுக்குப் புதிது அல்ல. காஷ்மீரில் ரோமத்தை அழுத்தி 'நம்தா' என்ற விரிப்பு செய்கிறார்கள். அதுவும் ஃபெல்ட்தான்.

இன்று கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் ஃபெல்ட். அதற்கும் ஒரு நல்ல குணம் உண்டு. வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியாது. மடித்துத் தைக்க வேண்டாம். தையல் மெஷினும் வேண்டாம். ஊசி, நூல், கத்தரிக்கோல் போதும்.

ஒரு தையல்காரியின் கதை

ஜெர்மனி நாட்டில் கீங்கன் என்று ஓர் ஊர். அங்கே 1847-ஆம் ஆண்டு மார்கரெட் ஷ்டைஃப் என்ற பெண் பிறந்தார். ஒன்றரை வயதில் அவருக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. கால்கள் செயல் இழந்தன. வலது கையும் சரியாக இயங்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் போனார். தையல் கற்றார். 1877-இல் ஃபெல்ட் உடைகள் விற்கும் கடை வைத்தார்.

பிறகு ஒரு நாள் பத்திரிகை ஒன்றில் சின்ன யானையின் அளவுப் படம் வந்திருந்தது. அதைப் பார்த்து 1880-இல் ஃபெல்ட் யானைகள் தைத்தார். ஊசி குத்தி வைக்கத்தான் அதைச் செய்தார். ஆனால் பிள்ளைகள் அதை எடுத்து விளையாடத் தொடங்கினார்கள். யானை ஆயிரக்கணக்கில் விற்றது. அவர் 1909-இல் காலமானார். அவர் பெயரில் பொம்மைக் கம்பெனி இன்றும் நடக்கிறது.

நம் லிங்கராஜபுரத்தில் உள்ள ஏ.பி.டி. நிறுவனத்தை உங்களுக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்காக 1959-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதைத் தொடங்கிய என்.எஸ். ஹேமா அவர்களும் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர்தான். நடக்க முடியாதவர் வேலை செய்ய முடியாதவர் அல்ல. நம் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் செய்யும் முறை

வேண்டிய பொருள்கள்: ஜெராக்ஸ் தாள் அளவுள்ள ஃபெல்ட் துணி, எம்பிராய்டரி நூல், ஊசி, பஞ்சு, பாசிமணி, மெல்லிய ரிப்பன், அட்டை, கத்தரிக்கோல்.

1. அட்டையில் 7 சென்டிமீட்டர் அகலமும் 7 சென்டிமீட்டர் உயரமும் உள்ள நட்சத்திரம் வரைந்து வெட்டுங்கள். இதுதான் அளவு அட்டை. புதிதாகச் செய்பவர்கள் வட்டம் அல்லது மணி வெட்டலாம். அது சுலபம்.

2. அளவு அட்டையைத் துணியின் மேல் வைத்து ஓரமாகக் கோடு போடுங்கள். கருநிறத் துணியில் பென்சில் தெரியாது. தேய்ந்த சோப்புத் துண்டால் கோடு போடலாம். குறுக்கே 3, நெடுக்கே 4 என்று வரைந்தால் ஒரு துணியில் 12 துண்டு கிடைக்கும். ஒரு நட்சத்திரத்துக்கு 2 துண்டு வேண்டும். ஆகவே 6 நட்சத்திரம்.

3. மேல் துண்டில் முதலிலேயே பாசிமணியைத் தைத்துவிடுங்கள். இரண்டு துண்டையும் சேர்த்த பிறகு மணி தைப்பது கஷ்டம்.

4. ரிப்பனில் 15 சென்டிமீட்டர் வெட்டி மடியுங்கள். அதன் நுனிகளை இரண்டு துண்டுக்கும் நடுவில், உச்சியில் வையுங்கள்.

5. எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். இரண்டு இழை மட்டும் எடுத்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். சட்டைக்குக் காஜா எடுப்பதுபோல் ஓரத்தைச் சுற்றித் தையுங்கள். ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே ஊசியைக் குத்துங்கள். ஊசி வெளியே வரும்போது நூல் ஊசிக்கு அடியில் இருக்கட்டும். இழுத்தால் நூல் ஓரத்தில் அழகாகப் படியும்.

6. இரண்டு விரல் அகலம் தைக்காமல் விடுங்கள். அந்த வழியாகப் பஞ்சை அடையுங்கள். முனைகளுக்குள் பஞ்சைத் தள்ளப் பென்சிலின் பின்பக்கம் உதவும். பிறகு அந்த இடத்தையும் தைத்து முடிச்சுப் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பாலியஸ்டர் ஃபெல்ட் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், உருகிவிடும். மெழுகுவர்த்திக்குப் பக்கத்திலும் மாட்டாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுப்பதானால் பாசிமணி வேண்டாம். குழந்தை பிய்த்து விழுங்கிவிடும். மணிக்குப் பதில் நூலாலேயே பூ போடுங்கள்.

விலை வைப்பது எப்படி?

இப்போது நோட்டை எடுங்கள். கடைக்குக் கடை விலை மாறும். இன்று கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். துணி 24 ரூபாய் என்றால், அதில் 6 நட்சத்திரம் வருகிறது. இப்படி எழுதுங்கள்.

ஒரு நட்சத்திரத்துக்கு:
துணி – 4 ரூபாய்
நூல் – 2 ரூபாய்
பஞ்சு – 1 ரூபாய்
மணியும் ரிப்பனும் – 3 ரூபாய்
வண்டிச் செலவு, வீணாகும் துண்டு – 2 ரூபாய்
மொத்தம் – 12 ரூபாய்

ஒருவர் வந்து, "ஒன்றுக்கு 15 ரூபாய் தருகிறேன்" என்கிறார். 12 ரூபாய்ப் பொருளுக்கு 15 ரூபாய். 3 ரூபாய் லாபம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப் போயிற்று. அது என்ன?

நம் உழைப்பு!

ஒரு நட்சத்திரம் தைக்க அரை மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். ஒரு மணி நேரத்தில் 2 நட்சத்திரம். ஒன்றுக்கு 3 ரூபாய் என்றால் மணிக்கு 6 ரூபாய்தான். 8 மணி நேரம் குனிந்து தைத்தாலும் 48 ரூபாய். இதற்குக் கழுத்து வலி, கண் வலி வேறு.

மணிக்கு 60 ரூபாய் கூலி போடுங்கள். அப்போது ஒரு நட்சத்திரத்துக்குக் கூலி 30 ரூபாய். பொருள் 12, கூலி 30, ஆக 42 ரூபாய். இதுதான் நம் விலை. வாங்குபவர் பேரம் பேசலாம். நாமும் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் எங்கிருந்து இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்க வேண்டும்.

"வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே தைக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நாம் எந்த நேரம் சும்மா இருக்கிறோம்? தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு கிடைக்கிற நேரம் அது. அதற்கும் விலை உண்டு.

வீட்டிலிருந்து உழைக்கும் பெண்களுக்காகக் குரல் கொடுத்தவர் எலா பட் அம்மையார். 1972-இல் அகமதாபாத்தில் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். அவரும் மற்றவர்களும் பல ஆண்டுகள் கேட்டார்கள். 1996-இல் ஜெனீவா நகரில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை கொண்டு வந்தது. அதன் எண் 177. வீட்டிலிருந்து பொருள் செய்து கொடுப்பவரும் தொழிலாளிதான் என்று அது சொல்கிறது.

எழுதி வைத்தால்தான் சாட்சி

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா 200 பொம்மை தைத்துக் கொடுத்தார். வாங்கியவர் எண்ணிவிட்டு, "160 தான் இருக்கிறது" என்றார். அக்கா அழுதார். ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. 40 பொம்மைக்கு உரிய கூலி போயிற்று. அரை மணி வீதம் அது 20 மணி நேர உழைப்பு.

ஆகவே ஆர்டர் வந்தவுடன் எழுதுங்கள். தேதி, வாங்குபவர் பெயர், எத்தனை, என்ன நிறம், ஒன்றின் விலை, முன்பணம், கொடுக்க வேண்டிய நாள். கொடுக்கும்போது அவர் முன்னால் எண்ணுங்கள். எண்ணிக்கையை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். நாம் இவ்வளவு நாள் எழுத்துப் படித்தது இதற்கும்தான்.

நாலைந்து பேர் சேர்ந்து செய்தால் துணியை மொத்தமாகச் சிக்பேட்டையில் வாங்கலாம். ஒருவர் வெட்டலாம், ஒருவர் மணி தைக்கலாம், மற்றவர்கள் ஓரம் தைக்கலாம். யார் எவ்வளவு செய்தார் என்பதை அன்றன்றைக்கே எழுதுங்கள். கூட்டாளிகளுக்குள் சண்டை வராது.

எப்போது தொடங்குவது? செப்டம்பர் 8-ஆம் தேதி சிவாஜிநகர் மாதா திருவிழா முடிந்ததும் தொடங்கலாம். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு திருவருகைக் காலம் வரும். அதற்குள் சரக்கு தயாராக இருக்க வேண்டும். டிசம்பர் 20-க்கு மேல் தைத்தால் அது அடுத்த ஆண்டுக்குத்தான் ஆகும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊசியை மூட்டை கட்ட வேண்டாம். இதே முறையில் யானை, மாங்காய், கிளி செய்யலாம். அவை எல்லா மாதமும் விற்கும்.

நம் ஊரில் ஒருவர் "எஷ்டு?" என்பார். ஒருவர் "கித்னா?" என்பார். ஒருவர் "எவ்வளவு?" என்பார். எல்லோருக்கும் ஒரே பதில் இருக்கட்டும். சின்ன அட்டையில் விலையை எழுதி நட்சத்திரத்தில் கட்டுங்கள். எழுதிய விலைக்கு ஒரு மரியாதை உண்டு.

அடுத்த வகுப்புக்கு எல்லோரும் ஊசி, நூல், நோட்டு மூன்றும் கொண்டு வாருங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு துணியில் 6 நட்சத்திரம் வரும். 30 நட்சத்திரத்துக்கு எத்தனை துணி வேண்டும்?
2. ஒரு நட்சத்திரம் 42 ரூபாய். 25 நட்சத்திரத்தின் விலை என்ன?
3. நீங்கள் செய்யும் ஒரு கைவேலையின் பெயரை எழுதுங்கள். அதற்கான பொருள் செலவையும் கூலியையும் தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள்.