சாம்பியன்களுக்கும் 'இல்லை' சொன்ன ஊர்



விளையாட்டரங்கமும் பொதுப்பணமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஒரு ஊரைப் பிடித்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசௌரி மாநிலத்தின் மேற்கு விளிம்பில் இருக்கும் கன்சாஸ் சிட்டி. பெயரில்தான் கன்சாஸ். கன்சாஸ் மாநிலம் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலையில் ஒரு மாநிலத்தில் எழுந்து அடுத்த மாநிலத்தில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் அங்கே ஏராளம். அந்தக் கோட்டை நினைவில் வையுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அந்த ஊருக்கு இரண்டு பெரிய அணிகள். அமெரிக்கக் கால்பந்துக்குச் சீஃப்ஸ், பேஸ்பாலுக்கு ராயல்ஸ். 2024 பிப்ரவரி 11 அன்று சீஃப்ஸ் அணி தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகச் சூப்பர் பவுல் கோப்பையை வென்றது. ஊரெல்லாம் அணியின் சிவப்புச் சட்டை. ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 2ஆம் தேதி, அதே மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். கேள்வி இதுதான்: அரங்கங்களுக்காக ஏற்கெனவே வசூலிக்கும் விற்பனை வரியை இன்னும் 40 ஆண்டுகளுக்குத் தொடரலாமா? நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் முப்பத்தேழரை சென்ட். கேட்கும்போது சில்லறைதான். ஆனால் ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் சேருகிற சில்லறை அது. பால் வாங்கினாலும் ரொட்டி வாங்கினாலும் குழந்தைக்கு டயாப்பர் வாங்கினாலும் கட்ட வேண்டிய வரி. மாளிகையில் இருப்பவருக்கும் மாத வாடகைக்குத் திண்டாடுபவருக்கும் ஒரே விகிதம்.

நூற்றுக்கு 58 பேர் 'இல்லை' என்று வாக்களித்தார்கள்.

இந்த மக்களுக்கு அணி மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரங்கமே வேண்டாம் என்பவர்கள் என்றும் சொல்ல முடியாது. 1967இல் இவர்கள்தான் வாக்களித்துக் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். 1972இலும் 1973இலும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அரங்கங்கள் எழுந்தன. இரண்டும் ஜாக்சன் கவுண்டியின் சொத்து. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 2006இல் அந்த அரங்கங்களைப் புதுப்பிக்க வரி கேட்டபோதும் சரி என்றார்கள். அதே நாள், அதே வாக்குச்சீட்டில், இரண்டு அரங்கங்களுக்கும் பொதுவாக நகரும் கூரை ஒன்று போட இன்னொரு வரி கேட்டார்கள். அதற்கு மாட்டோம் என்றார்கள். ஒரே பேனாவால் ஒன்றுக்கு ஆம், ஒன்றுக்கு இல்லை. எதற்குத் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த மக்கள் இவர்கள்.

அப்படியானால் 2024இல் என்ன நடந்தது? ராயல்ஸ் அணிக்குப் பழைய அரங்கம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஊர் நடுவில் புதிது வேண்டும். அதைச் சுற்றிக் கடைகள், அலுவலகங்கள், குடியிருப்புகள் என்று மொத்தம் 200 கோடி டாலர் திட்டம். சீஃப்ஸ் தன் அரங்கத்தை 80 கோடி டாலரில் புதுப்பிக்க நினைத்தது. ராயல்ஸ் எந்த இடத்தில் கட்டப்போகிறது என்பதை எப்போது அறிவித்தார்கள் தெரியுமா? பிப்ரவரி 13. வாக்கெடுப்புக்கு ஏழே வாரம் முன்னால். கிராஸ்ரோட்ஸ் என்னும் பகுதி. ஓவியக்கூடங்களும் சிறு உணவகங்களும் பீர் காய்ச்சும் சிறு ஆலைகளும் கொண்டு, கைவிடப்பட்ட பழைய கட்டடங்களுக்குச் சொந்த உழைப்பில் உயிர் கொடுத்த இடம். அந்தக் கடைக்காரர்கள் தங்கள் கட்டடம் இடிபடுமா இல்லையா என்று வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஓக் என்ற தெருவை மூடுவோம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், வாக்கெடுப்புக்குச் சில நாள் இருக்கும்போது, மூடமாட்டோம் என்றார்கள். அணிகளுடனான அரங்கக் குத்தகை ஒப்பந்தத்தின் இறுதி வடிவம் வாக்காளர் கையில் இல்லை. நாற்பது ஆண்டு வரிக்குக் கையெழுத்துக் கேட்கிறவர்கள் பத்திரத்தைப் படிக்கத் தரவில்லை. வாடகைதாரர் சங்கத்தினர் வீடு வீடாகப் போய் இதைத்தான் சொன்னார்கள்.

இங்கே ஒரு மனிதரைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். ராயல்ஸ் அரங்கம் கட்டப்பட்டபோது அங்கே கட்டுமான வேலைக்குப் போன கறுப்பின இளைஞர், ஃபிராங்க் ஒயிட். அவர் படித்த உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் அணியே கிடையாது. ராயல்ஸ் நடத்திய பயிற்சிக் கழகத்தில் தேர்வாகி, தான் வேலை பார்த்த அதே அரங்கத்தில் 1973இல் ஆட்டக்காரராக இறங்கினார். 1990 வரை வேறு எந்த அணிக்கும் போகவில்லை. பீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருது எட்டு முறை. 1985இல் ராயல்ஸ் உலகத் தொடர் கோப்பையை வென்றதில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் அணிந்த 20ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி முடிவெடுத்தது. அரங்கத்திலேயே அவருக்குச் சிலை இருக்கிறது.

அந்த ஃபிராங்க் ஒயிட்தான் 2016 முதல் ஜாக்சன் கவுண்டியின் தலைமை நிர்வாகியாக இருந்தார். 2024 ஜனவரியில் இந்த வரித் தீர்மானம் அவர் மேசைக்கு வந்தபோது வீட்டோ செய்து திருப்பி அனுப்பினார். தன்னை வளர்த்த அணி, தன் சிலை நிற்கும் அரங்கம், தன் பெயரை உச்சரித்து வளர்ந்த ரசிகர்கள், எல்லாம் ஒரு பக்கம். கவுண்டி மக்களின் பணம் மறுபக்கம். அவர் மக்கள் பக்கம் நின்றார். கவுண்டி மன்றம் அவருடைய வீட்டோவைத் தள்ளிவிட்டுத் தீர்மானத்தை வாக்குக்கு அனுப்பியது. மக்கள் அவர் சொன்னதையே சொன்னார்கள். பின்னாளில், 2025 செப்டம்பரில், சொத்து வரிக்கான மதிப்பீட்டுக் குளறுபடிகளால் மூண்ட கோபத்தில் அதே மக்கள் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துவிட்டார்கள். அது வேறு வழக்கு. அந்த வீட்டோவுக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

சரி, அரங்கம் வந்தால் வேலை வரும், வியாபாரம் பெருகும் என்கிறார்களே? அதை ஒதுக்கிவிட்டுப் போக நான் வரவில்லை. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 1997இல் தொகுத்த நூல், பல ஊர் அரங்கங்களை எடுத்து அலசியது. போட்ட பொதுப்பணத்துக்கு ஈடான பலன் எங்கும் தெரியவில்லை என்றது. பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அங்கேயே வந்து நின்றன. காரணம் எளிது. ஒரு குடும்பம் மாதத்துக்குக் கேளிக்கைக்கென்று ஒதுக்கும் தொகை அரங்கம் வந்ததும் கூடிவிடுவதில்லை. சினிமாவுக்கும் பக்கத்துத் தெரு உணவகத்துக்கும் போன பணம் இடம் மாறி டிக்கெட்டுக்குப் போகிறது. கால்பந்து அரங்கத்தில் ஒரு பருவத்துக்குச் சொந்த ஊர் ஆட்டம் எட்டோ ஒன்பதோதான். மற்ற நாட்களில் பெரும்பாலும் வாகன நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடக்கும்.

இத்தனை தெரிந்தும் அரசுகள் ஏன் கொடுக்கின்றன? பயத்தால். கால்பந்துச் சங்கத்தில் 32 அணிகள்தான், பேஸ்பாலில் 30தான். புதிய அணி வேண்டும் என்று எந்த ஊரும் தானாகத் தொடங்கி மேலே ஏறிவர முடியாது. கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது. சாவி அணி முதலாளிகளிடம். அணி கேட்கும் ஊர்கள் எப்போதும் அணிகளைவிட அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற மாநகரம் 1995 முதல் 2015 வரை கால்பந்து அணியே இல்லாமல் இருந்தது. அந்த ஊரைக் காட்டியே மற்ற ஊர் முதலாளிகள் தங்கள் ஊர் நிர்வாகங்களை மிரட்டினார்கள்: தருகிறாயா, அங்கே போகட்டுமா? வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம், இதை இடித்துவிட்டு உன் செலவில் புதிதாய்க் கட்டித் தா, இல்லாவிட்டால் காலி செய்கிறேன் என்கிற மாதிரிதான் இது.

இந்த மிரட்டல் வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பது கன்சாஸ் சிட்டிக்கு நன்றாகவே தெரியும். சீஃப்ஸே டல்லஸ் நகரிலிருந்து 1963இல் அங்கே வந்த அணிதான். அத்லெட்டிக்ஸ் என்ற பேஸ்பால் அணி ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1955இல் கன்சாஸ் சிட்டிக்கு வந்தது, 1968இல் ஓக்லாந்துக்குப் போனது, இப்போது அதையும் விட்டுவிட்டு லாஸ் வேகாஸ் போக மூட்டை கட்டியிருக்கிறது. அங்கே புது அரங்கத்துக்கு நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் ஒதுக்கியிருக்கிறது. ஓக்லாந்து ரசிகர்கள் 2023 ஜூனில் ஒரு நாள் அரங்கத்தில் பெருந்திரளாகக் கூடி, அணியை விற்றுவிட்டுப் போ என்று முதலாளியைப் பார்த்து முழங்கினார்கள். அணி நிற்கவில்லை.

மக்கள் இல்லை என்றதை மீறிய ஊர்களும் உண்டு. சியாட்டிலில் 1995 செப்டம்பரில் பேஸ்பால் அரங்க வரியை மக்கள் மிகச் சிறிய வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே மாநிலச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு வேறு வரிகளால் பணம் ஒதுக்கியது. அந்த ஊரின் பழைய கிங்டோம் அரங்கம் 2000இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்கு வாங்கிய கடன் தீர்ந்தது 2015இல். இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணை கட்டியிருக்கிறார்கள்!

மாறாக, சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்கள். ஜயண்ட்ஸ் அணிக்கான அரங்கத் திட்டங்களை 1987இலும் 1989இலும் அந்நகர மக்களும், 1990இலும் 1992இலும் அக்கம்பக்கத்து மக்களும் மறுத்தார்கள். நான்கு முறை கதவு சாத்தப்பட்ட பிறகு புதிய முதலாளிகள் பெரும்பாலும் தங்கள் கைக்காசையும் தாங்கள் திரட்டிய கடனையும் போட்டே 2000இல் அரங்கம் கட்டினார்கள். கடலோரத்தில் இன்றும் அழகாக நிற்கிறது. முதலாளியிடம் பணம் இருக்கிறது நண்பர்களே. பொதுமக்கள் தரமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அது வெளியே வரும்.

கன்சாஸ் சிட்டியில் அந்த உறுதியைக் குலைத்தது நான் முதலில் சொன்ன எல்லைக்கோடு. 2019இல் இரண்டு மாநிலங்களும், ஒருவர் தொழிலை ஒருவர் சலுகை காட்டி இழுப்பதில்லை என்று சமரசம் செய்துகொண்டிருந்தன. மிசௌரி மக்கள் இல்லை என்று சொன்ன இரண்டரை மாதத்தில், 2024 ஜூனில், கன்சாஸ் சட்டமன்றம் அரங்கச் செலவில் 70 விழுக்காடு வரை கடன் பத்திரம் வெளியிடலாம் என்று சட்டம் செய்தது. 2025 ஜூனில் மிசௌரி பாதிச் செலவு வரை தருவதாகப் பதில் சட்டம் போட்டது. டிசம்பர் 22 அன்று சீஃப்ஸ் கன்சாஸ் பக்கம் போவதாக அறிவித்தது. கூரையிட்ட அரங்கம், 300 கோடி டாலர், அதில் பெரும்பங்கு அந்தக் கடன் பத்திரங்களில் இருந்து, 2031இல் திறப்பு. கன்சாஸ் மக்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. சட்டமன்றத் தலைவர்கள் அடங்கிய ஒரு சிறு குழு அன்றே ஒப்புதல் கொடுத்துவிட்டது.

புதிய வரி இல்லை, அரங்க வட்டாரத்தில் கூடுதலாக வசூலாகும் விற்பனை வரியால் கடனை அடைப்போம் என்கிறார்கள். அந்தக் கூடுதல் எங்கிருந்து வரும்? கன்சாஸின் வேறொரு ஊரில் செலவான பணம் இங்கே வந்தாலும் கூடுதல் என்றே கணக்கில் ஏறும். பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய வரி, பத்திரம் வாங்கியவருக்கு வட்டியாகப் போகும்.

மிசௌரி மக்கள் இல்லை என்று சொன்னதால்தானே அணி போயிற்று என்று அவர்களைக் குறை சொல்கிறவர்களை நான் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. முழு ஒப்பந்தத்தைக் காட்டாமல் கேட்டவர்களுக்கு அவர்கள் தந்த பதில் நேர்மையானது. குற்றம் இரண்டு சட்டமன்றங்களுடையது. அணிகளின் எண்ணிக்கையைப் பூட்டி வைத்துக்கொண்டு முதலாளிகள் ஏலம் விட அனுமதிக்கும் ஒன்றிய அரசுடையது. மாநிலங்கள் ஒன்றோடொன்று அரங்கத்துக்கு ஏலம் கேட்பதை அந்த ஒன்றியத்தின் சட்டத்தால் மட்டுமே நிறுத்த முடியும். அதைச் செய்ய வேண்டியவர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2006இல் ஒப்புக்கொண்ட வரியை ஜாக்சன் கவுண்டி மக்கள் 2031 வரை கட்டித்தான் ஆக வேண்டும். அதன்பின் சீஃப்ஸ் போய்விட்ட அந்த 1972 அரங்கத்தை இடிப்பதா, வேறு வேலைக்கு வைத்துக்கொள்வதா, அதற்கு யார் செலவு என்ற கேள்வி வரும். அன்றைக்காவது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அச்சிட்டு முதலில் மக்கள் கையில் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் வாக்குச்சீட்டை நீட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.