தண்ணீர் அமுங்காது

புள்ளலூர் வயலில் ஓடும் டீசல் பம்புசெட்டோ, கோவளம் கரையில் ஃபைபர் படகைத் தள்ளும் அவுட்போர்டு மோட்டாரோ, தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு எமன் ஒன்றுதான்: சிலிண்டருக்குள் இறங்கும் தண்ணீர்.

படகு மோட்டார் இறுகிக்கொண்டால் கயிற்றை ஓங்கி இழுக்காதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வரிசை மாறாமல் துணியில் வையுங்கள். மற்றவை கரியேறியிருக்க, ஒன்று மட்டும் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில்தான். பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

பிளக் இல்லாமலே கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள்; அன்றே எண்ணெய் விடுங்கள். உப்புத்தண்ணீர் நாள் பார்த்துத் துருவேற்றாது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை; அங்கே ஆயில் பால்போல் வெளுத்தால் அதுவே எச்சரிக்கை.

பலம் காட்டுமுன் பொறுமையாகப் பாருங்கள். பிழைப்பைக் காப்பது அந்தப் பார்வைதான்.