ஏடும் பத்திரிகையும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுத்தாளர் ஒருவருடைய அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். தமிழாசிரியனாகிய எனக்கு முதற்கண் நினைவுக்கு வந்தவர்கள் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களே.

1855-ஆம் வருஷம் தோன்றிய, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த ஐயரவர்கள், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்டு, 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக அமர்ந்தார்கள். அவ்வாண்டிலேயே அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரவர்கள் சீவகசிந்தாமணியைக் குறித்து வினவ, அதனைத் தாம் பயின்றதில்லையென ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஒரு வினாவே அவர்களுடைய ஆயுளின் போக்கை மாற்றியது.

பகலிற் கல்லூரிப் பாடம். எஞ்சிய பொழுதெல்லாம் ஏட்டாராய்ச்சி. ஏட்டுச் சுவடியிற் புள்ளியிராது. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமையிராது. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் விளங்காது. பல பிரதிகளை ஒப்பு நோக்கி, ஒரு சொல்லுக்காகப் பல நாள் காத்திருத்தல் வேண்டும். விடுமுறை வந்தால் ஊர் ஊராகச் சுவடி தேடும் யாத்திரை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயிலிட்டுவிட்டார்கள் என்று கேட்டபோது அவர்கள் அடைந்த துயரத்தை அளவிட்டுக் கூறல் அரிது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. ஆசிரியர் வேளாளர், வினவியவர் முதலியார், சிந்தாமணியின் சமயக் கருத்துக்களை விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சைனர்கள். கல்லூரிப் பதவியைத் தமக்குக் கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரவர்களின் பெயரையே ஐயரவர்கள் பிற்காலத்தில் தம் சென்னை வீட்டுக்கு இட்டார்கள். தமிழுக்கு எல்லா மரபினரும் பிள்ளைகளே.

1887-இற் சிந்தாமணி வெளிவந்தது. பாராட்டோடு கண்டனப் பிரசுரங்களும் கிளம்பின. ஐயரவர்கள் மனம் புண்பட்டார்கள். எனினும், மறுப்பெழுதுவதிற் காலத்தைக் கழிக்கலாகாதென்று நண்பரொருவர் கூறிய அறிவுரையை ஏற்று, அடுத்த சுவடியை அவிழ்த்தார்கள். 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இற் சிலப்பதிகாரமும், 1894-இற் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. கண்டனத்துக்கு விடை இவ்வாறன்றோ இறுத்தல் வேண்டும்!

முதுமையிற் பத்திரிகைகள் அவர்களை நாடி வந்தன. 'கலைமகள்' முதலியவற்றில் எழுதிய கட்டுரைகளிற் பழைய வித்துவான்களும், சங்கீதக்காரர்களும், கிராமத்துப் பெரியோர்களும் உயிர்பெற்று உலாவினர். பழஞ்செய்யுளிலேயே தோய்ந்த அவர்களுடைய உரைநடை சிறுவர்க்கும் விளங்குமாறு எளிதாயிருந்தமை வியப்புக்குரியது. 1940-ஆம் வருஷத் தொடக்கத்தில், தமது 85-ஆம் பிராயத்திற்றான், 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார்கள். வாரந்தோறும் குடும்பத்தினர் கூடிப் படிக்கும் பத்திரிகை வாயிலாக ஏடு தேடிய கதை வீடுதோறும் புகுந்தது. ஆயின் 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் சிவபதம் எய்தவே, சரித்திரம் 122 அத்தியாயங்களோடு நின்றது. 1950-இல் நூலாக வந்தபோதும் அது முற்றுப்பெறாத நூலே. பிறர் நூல்களுக்கு வாழ்நாளை ஈந்தவர்க்குத் தம் கதையை முடிக்க நாள் போதவில்லை.

அன்பர்களே! எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு சுவடிக் கட்டு இருந்தது. நான் அவிழ்த்துப் பார்த்தபோது செல்லரித்த பொடியே மிஞ்சியிருந்தது. என் பாட்டனார் நம் முன்னோர் ஊர்விட்டு ஊர் வந்த வரலாற்றைப் பலமுறை சொன்னார், நாளை எழுதலாமென்றிருந்தேன், அந்த நாளை வரவில்லை. தமிழ் கற்பிக்கும் நானே செய்த பிழை இது.

ஆதலின் உங்களை ஒன்று வேண்டுகிறேன். இன்று வீடு சென்றதும் பரணைப் பாருங்கள். ஏடிருந்தால் அறிந்தவரிடம் காட்டுங்கள். முதியோர் அருகில் ஒரு நோட்டுப் புஸ்தகத்தோடு அமருங்கள். ஐயரவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.