போர் வளர்த்த முகச் சிகிச்சை லயத்துக்கும் வரவேண்டும்
(பதுளையில் தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



போரிற் சிதைந்த முகத்தைச் சீராக்கும் சத்திரசிகிச்சையை மேல்நாட்டார் நமக்கு அளித்த கொடை என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறு கூறுகின்றது.

மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவர் 1792 ஆம் ஆண்டளவில் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனாவுக்கு அருகே செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கீறி, அதன் அடிமுனை புருவ நடுவில் ஒட்டியிருக்கவே கீழே திருப்பிப் புதுமூக்கு அமைத்தார். ஒட்டிய முனைவழியே குருதி ஓடியதால் தோல் பிழைத்தது. 1794 இல் இலண்டன் சஞ்சிகையொன்று இதனை வெளியிட்டது. 1814 இல் கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் இம்முறையைப் பின்பற்றினார்.

முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து தலைதூக்கிய வீரர் பலர் முகத்திற் குண்டடி பட்டனர். ஹரோல்ட் கில்லீஸ் என்பாரின் முயற்சியால் 1917 இல் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் இதற்கெனவே வைத்தியசாலை எழுந்தது. பல் வைத்தியரும் சத்திர வைத்தியரும் அங்கே ஒருங்கே உழைத்தனர். தாடை உடைந்தவரை மல்லாத்திக் கிடத்தினால் நாக்குப் பின்சரிந்து மூச்சடைக்கும் என்பதும் அப்போர் புகட்டிய பாடமே.

தோழர்களே! இன்று நம் தோட்டங்களிற் குண்டு விழவில்லை. ஆயினும் தாடையை அரிக்கும் பகை நம் மடியிலேயே இருக்கின்றது. வெற்றிலையோடு மெல்லும் புகையிலை மட்டுமன்று, பாக்கும் புற்றுநோய் விளைப்பதே. இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கின்றது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்க இயலாமை ஆகியவற்றைக் கண்டால் தாமதித்தல் ஆகாது. தொடக்கத்திலாயின் சிறு சிகிச்சை போதும். முற்றினால் தாடையையே அகற்ற நேரும். காலின் சிற்றெலும்பைக் கொண்டு தாடையைத் திரும்ப அமைக்கும் முறையும் இன்று உண்டு.

அரசாங்க வைத்தியம் இலவசமே. ஆனால் மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு வர ஒருநாட் பேரும் பஸ் காசும் போகின்றன. ஆகவே நாம் கேட்பவை மூன்று: தோட்டந்தோறும் வாய்ப் பரிசோதனை, சிகிச்சைக்குச் செல்லும் நாளுக்குச் சம்பளம், நோயாளிக்குத் தமிழில் விளக்கம்.

மாடோட்டியின் முகத்தைக் காத்த கலை, கொழுந்து பறிக்கும் தாயின் முகத்தையும் காக்கவேண்டும். இது சலுகையன்று, உரிமை!