நாவைக் கட்டும் அச்சம்



ஆங்கில வகுப்பில் ஆசிரியர் வினா எழுப்புகின்றார். விடை அறிந்த சிற்றூர் மாணவன் எழுகின்றான். உதடு அசைகின்றது, சொல் வெளிவரவில்லை. முந்தின இரவு நெட்டுருச் செய்த தொடர்களுள் ஒன்றேனும் நினைவுக்கு எட்டவில்லை. "இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது" என்று ஆசிரியர் தீர்ப்புரைத்து விடுகின்றார். எத்துணைப் பெரும் பிழை! ஏறியது உண்டு, அதனை வெளிவர விடாது தடுத்து நிற்பது அச்சம்.

இவ்வச்சம் தமிழ்ப் பிள்ளைகட்கே உரிய குறை என எண்ணுவாரும் உளர். 1986இல் அமெரிக்கத் தெக்சாசுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து எலைன் ஓர்விட்சு, மைக்கேல் ஓர்விட்சு, சோயன் கோப் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வினை அவர்கள் காண்பாராக. எசுப்பானியம் பயிலத் தொடங்கிய 75 மாணவரிடம் 33 கூற்றுகளைக் கொடுத்து, உடன்பாடா மறுப்பா எனக் கேட்டனர். பேச அழைக்கப்படுவோம் என்றவுடன் நடுக்கம், தேர்வச்சம், பிறர் குறைவாக மதிப்பர் என்னும் கூச்சம் ஆகிய இவை ஆங்கும் காணப்பட்டன. ஈண்டுப் பலர் தலைமேற் சுமக்கும் ஆங்கிலம் வழங்கும் நாட்டு மாணவரே, வேற்றுமொழியின் வாயிலில் நின்று நடுங்கினர்!

கனடாவில் மக்கின்டயர், கார்டனர் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. கணினிவழிப் பிரெஞ்சுச் சொற்களைக் கற்ற மாணவர் முன் படப்பிடிப்புக் கருவி ஒன்றை வைத்தனர். சிலர்க்குத் தொடக்கத்தில், சிலர்க்கு இடையில், சிலர்க்கு இறுதியில். ஒரு குழுவினர்க்கு வைக்கவேயில்லை. கருவி வந்த அளவிலே அச்சம் எழுந்தது. கற்றலும் கற்றதைச் சொல்லலும் தளர்ந்தன. அறிவு குறைந்ததா? இல்லை. 'பார்க்கின்றனரே' என்னும் எண்ணம் உள்ளத்தில் இடம்பிடித்துக் கொண்டது. சொல்லுக்கு இடம் சுருங்கிற்று.

தமிழ்நாட்டு வகுப்பறைகள் பலவற்றில் அக்கருவியின் வேலையை நகைப்பொலி செய்கின்றது. தமிழிற் பேசிய பிள்ளையிடம் ஒறுப்புக் கட்டணம் பெற்ற பள்ளிகளும் உண்டு. ஐயத்தைத் தாய்மொழியிற் கேட்கவும் அஞ்சும் பிள்ளை, அயன்மொழியில் எங்ஙனம் வாய்திறக்கும்?

ஆசிரியர் செய்யவேண்டுவது சிறிதே. அதற்கு அரசாணையும் வேண்டா. பிள்ளை தொடரை முடிக்குமுன் இடைமறித்துத் திருத்தாதிருக்கலாம். கடினமான பொருளைத் தமிழிலேயே விளக்கிவிடலாம். வகுப்பு முழுவதன் முன்னும் நிறுத்துவதற்கு முன்பு, அம்மாணவனைப் பக்கத்துத் தோழனோடு மட்டும் சில நாள் பேசவிடலாம்.